கீழப்பொட்டல் ஒட்டகம்

மேல வைக்க வேணாம் தம்பி, பை என் மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. உள்ள ஒரே ஒரு பேப்பர்தான். ஆனா அது இன்னைய தேதிக்கு என்ன விலை பெறும்னு சொன்னா, நீங்க எந்திரிச்சு இந்த ஜன்னல் சீட்டையே எனக்குக் குடுத்துருவீங்க. குடுக்குறீங்களா? நல்ல பிள்ளை. காத்து வந்தாத்தான் எனக்குப் பேச்சும் வரும்.

எதுவரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்க? கடைசி ஸ்டாப்பா? நானும் அங்கதான். ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. கம்ப்யூட்டர் வேலையா? பையைப் பார்த்தாலே தெரியுதே. அப்ப இந்த டிஜிட்டல் காசு பத்தித் தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. என்ன தம்பி, முகம் வாடிப் போச்சு? போட்டு விட்டுட்டீங்களா? ரொம்பப் போச்சோ? சரி சரி, கேக்கல. என் கதையைக் கேட்டா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்.

என் பேரு வீரபத்திரன். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மரத்தடியில உக்காந்து மனு எழுதுறவன். முப்பத்தொரு வருசம். பட்டா மாறுதலா, பென்சன் நின்னு போச்சா, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை இந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டானா, யார் வந்தாலும் நான் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான்: "யாருக்கு எழுதணும்?" தொழிலோட சூட்சுமமே அதுதான். தன் குறை என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அதை யார்கிட்டப் போய்ச் சொல்லணும்கிறதுதான் தெரியாது. தாசில்தாரா, ஆர்.டி.ஓ.வா, மின்வாரியமான்னு நான் ஆளைப் பார்த்த மாத்திரத்துல சொல்லிருவேன். 'பெறுநர்' சரியா விழுந்துட்டா பாதி வேலை முடிஞ்சது.

மீதிப் பாதி முடியுமான்னா, முடியாது. அது வேற. என் மனுவுல எத்தனைக்குப் பலன் கிடைச்சுச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. எழுத்துல குறை இல்ல தம்பி, படிக்கிறவன் இல்ல. வாங்குவான், நம்பர் போடுவான், கட்டுல சொருகுவான். "நாளைக்கு வாங்க." இந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு.

எனக்கு அடுத்தாப்ல உக்காந்திருக்கிறவன் அருள்தாஸ். ஸ்டாம்ப் வெண்டர். நல்லவன்தான், ஆனா போனை நோண்டிக்கிட்டே இருப்பான். போன பங்குனியில ஒரு நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு வந்தான்.

"பத்திரண்ணே, ஒரு காசு வந்திருக்கு. அதுக்குத் தலைவரே கிடையாது."

"தலைவர் இல்லாம எப்படிடா காசு?"

"மேனேஜர் கிடையாது, பேங்க் கிடையாது, கவர்மெண்ட் கிடையாது. முத்திரையும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. யாரு யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு எழுதி வைக்க ஒரே ஒரு கணக்கு நோட்டு. அதே நோட்டு உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல இருக்கும். ஒருத்தன் அழிச்சாலும் மத்தவன்கிட்ட இருக்கும். உங்க காசை எடுக்கணும்னா எவன் முன்னாடியும் நிக்க வேணாம். எவனும் உங்களை நாளைக்கு வான்னு சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வரியில விழுந்தேன் தம்பி. முத்திரைத்தாள் விக்கிறவன் முத்திரை இல்லாத காசைப் புகழ, மனு எழுதுறவன் ஆபீசர் இல்லாத உலகத்தை நினைச்சுப் பூரிக்க, எங்க பொழப்புக்கு நாங்களே வேட்டு வச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு டீ குடிச்சோம். இப்பத்தான் அது உறைக்குது.

பணம் ஏதுன்னு கேப்பீங்க. என் சம்சாரம் மரகதவல்லியோடது. அங்கன்வாடியில உதவியாளரா இருந்து ஓய்வு பெத்தா. இருபத்தேழு வருசம் ஊரான் பிள்ளைகளுக்கு மூக்கு துடைச்சு விட்டதுக்கு மொத்தமா ஒரு தொகை வந்துச்சு. சாய்க்கிற கிரைண்டர் ஒண்ணு வாங்கி இட்லி மாவு அரைச்சு விக்கணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. "ஆறு மாசம் பேங்க்ல போட்டு வைங்க, அப்புறம் கிரைண்டர் வாங்கிக்குவோம்"னு என் கையில குடுத்தா. நானும் பேங்க்குக்குத்தான் தம்பி போனேன். சத்தியமா போனேன். கவுண்ட்டர்ல என்ன சொன்னான் தெரியுமா? "சிஸ்டம் வேலை செய்யல, நாளைக்கு வாங்க."

நேரா அருள்தாஸ்கிட்ட வந்துட்டேன்.

வீட்டுல "போட்டாச்சா?"ன்னு கேட்டா. "போட்டாச்சு"ன்னேன். பொய் இல்ல பாருங்க. எதுல போட்டேன்னு அவ கேக்கல. அவ வெள்ளந்தி. உலகம் தெரியாது. நான் சொன்னாத்தான் எதுவும் தெரியும் அவளுக்கு.

இந்தக் காசை வைக்கிறதுக்குன்னே ஒரு பழைய போனை எடுத்துக்கச் சொன்னான் அருள்தாஸ். கண்ணாடி விரிசல் விட்டுப்போன போன் ஒண்ணு வீட்டுல கிடந்துச்சு. அதுல ஏத்திக் குடுத்தான். ஏத்தினதும் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை வந்துச்சு. "அண்ணே, இதான் சாவி"ன்னான். "போட்டோ எடுக்கக் கூடாது. ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. போன் தொலைஞ்சாலும் கவலை இல்ல. இந்தப் பன்னிரண்டு வார்த்தையும் வரிசை மாறாம இருந்தா உலகத்துல எந்தப் போன்லயும் காசைத் திறந்துரலாம். வார்த்தை யார் கையில இருக்கோ அவன்தான் முதலாளி. ஏன் எடுத்தேன்னு கேக்க ஆள் கிடையாது. தொலைச்சா, தேடிக் குடுக்கவும் ஆள் கிடையாது."

ஆமா தம்பி, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. உங்களைப் பார்த்தா நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கு, அதனால சொல்றேன்.

இப்ப, பன்னிரண்டு வார்த்தையை எங்க ஒளிக்கிறது? சும்மா வரிசையா எழுதி வச்சா பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. இந்த நாட்டுல எவனுமே படிக்காத சமாச்சாரம் எது? மனு! ஒவ்வொரு வார்த்தையையும் தமிழ்ப்படுத்தி, வரிசை மாறாம ஒரு மனுவுக்குள்ள வச்சுத் தைச்சுட்டேன். ஊருக்குப் பேரு வேணுமே, சம்சாரம் பொறந்த ஊரு கீழப்பொட்டலைப் போட்டேன். மனுதாரருக்குப் பேரு வேணுமே, அவ பேரையே போட்டேன். கை தன்னால ஓடிருச்சு. பொறுங்க, படிச்சே காட்டுறேன். கண்டக்டர் தம்பி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைங்க!

"ஐயா, எங்கள் கீழப்பொட்டல் கிராமத்தில் ஆடு கடந்து செல்லப் பாலம் இல்லை. மழைக்காலத்தில் குடை பிடித்தும் வெங்காயம் அழுகிவிடுகிறது. ஏணி வைத்து ஏறிப் படுத்தாலும் கொசு விடுவதில்லை. யானை வந்து தேங்காய் தின்றுவிடுகிறது. கழுதை கத்துவதால் கோயிலில் மத்தளம் கேட்பதில்லை. மேலும் ஒட்டகம் ஒன்று தெருவிளக்கு இல்லாத எங்கள் ஊரில் நிலா வெளிச்சத்தில் நடமாடி அச்சுறுத்தி வருகிறது. ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

சிரிக்காதீங்க தம்பி! பின் சீட்டு அம்மா, நீங்களும்தான்! ஒட்டகத்தை ஒரு தமிழ்நாட்டு மனுவுக்குள்ள கொண்டாறது லேசுப்பட்ட காரியமா? அந்த 'மேலும்' போட்டேன் பாருங்க, அங்க இருக்கு என் முப்பத்தொரு வருச அனுபவம்.

எழுதி மடிச்சு என் பையில வச்சேன். ஜெராக்ஸ் எடுக்கல. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் "எதுக்கும் ஒரு ஜெராக்ஸ் போட்டு வச்சுக்கங்க"ன்னு முப்பத்தொரு வருசமா சொன்னவன், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஜெராக்ஸ் எடுக்கல.

அந்தத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். வயசானவங்க, வர முடியாதவங்க மனுவையெல்லாம் நானே கவுண்ட்டர்ல குடுத்துருவேன், அது என் வழக்கம். அன்னைக்கு அஞ்சு மனு. அஞ்சும் குடுத்தேன், அஞ்சுக்கும் நம்பர் வாங்கினேன், வந்துட்டேன். பைக்குள்ள மனு ஒண்ணு கிடந்துச்சு, அது நம்ம மனுதான்னு இருந்துட்டேன். பிரிச்சுப் பார்க்கல. எதுக்குப் பிரிக்கணும்? ரகசியம்ல?

அப்புறம் மூணு மாசம் ராஜா மாதிரி இருந்தேன். தினம் காலையில அருள்தாஸ் விலை சொல்லுவான். "அண்ணே, ஒண்ணரை மடங்கு ஆகிப்போச்சு." நான் டீக்கு ரெண்டு வடை சேர்த்துச் சொல்லுவேன். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள "அண்ணே, கால்வாசி இறங்கிருச்சு"ம்பான். ஒரு வடையைத் திருப்பிக் குடுத்துருவேன். ஏன் ஏறுது, ஏன் இறங்குதுன்னு கேட்டா, "யாருக்கும் தெரியாதுண்ணே, அதான் இதுல விசேஷம்"ம்பான்.

ஆடி மாசம் வந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், வாசல்ல ரோஸ் கலர்ல ஒரு பிளாஸ்டிக் பேசின். இம்மாம் பெரிசு.

"ஏது மரகதம்?"

"பழைய போனுக்குப் பாத்திரம் குடுக்குறவன் வந்தான். அந்த விரிசல் விட்ட போனைக் குடுத்தேன். முதல்ல சின்ன டப்பாதான் தருவேன்னான். நான் விடல. பேசிப் பேசி இந்தப் பேசினை வாங்கிட்டேன்ல!"

என்ன சொல்ல முடியும் தம்பி? அவ காசைத்தான் அவ குடுத்து அவ பேசின் வாங்கியிருக்கா. "நல்ல பேசின்"ன்னேன். சுத்திச் சுத்தி அதைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு விலை குடுத்து இந்த உலகத்துல எவனும் பேசின் வாங்கியிருக்க மாட்டான்.

சரி, போன் போனா என்ன, வார்த்தை இருக்குல்லன்னு பையைத் திறந்து மனுவைப் பிரிச்சேன். "ஐயா, நான் கணவனை இழந்த விதவை"ன்னு ஆரம்பிக்குது. அது வடக்குத் தெரு காத்தாயி அம்மாவோட பென்சன் மனு தம்பி! அப்ப அன்னைக்கு நான் கவுண்ட்டர்ல குடுத்தது எது?

பஸ்சு குலுங்குறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுது பாருங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்!

வார்த்தைகளை யோசிச்சுப் பார்த்தேன். ஆடு, பாலம், குடை வரைக்கும் வருது. கடைசியில ஒட்டகம், நிலா. நடுவுல ஏணி எங்க, கழுதை எங்க, ஒண்ணும் பிடிபடல. புலி ஒண்ணு இருந்துச்சோன்னு வேற சந்தேகம். வார்த்தையெல்லாம் மனுவோட போயிருச்சுன்னு சொன்னதும் அருள்தாஸ் கையை விரிச்சுட்டான். "வார்த்தை இல்லன்னா காசு அங்கயே இருக்கும்ணே, எல்லாரும் பார்க்கலாம், ஒருத்தனும் தொட முடியாது."

நான் விடல. தொழில்காரன்ல? ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன், மனு எழுத உக்காந்தேன். 'அனுப்புநர்' எழுதியாச்சு. 'பெறுநர்'னு எழுதினேன். அதுக்குக் கீழ என்ன எழுத? தலைவர் கிடையாது. மேனேஜர் கிடையாது. தபால் பெட்டி எண் கூடக் கிடையாது. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன் தம்பி. பேனா காஞ்சு போச்சு. ஆயிரம் பேருக்கு "யாருக்கு எழுதணும்"னு சொன்னவன், எனக்குன்னு வந்தப்ப எழுத ஆள் இல்ல. அன்னைக்கு எனக்கு அழுகை வந்துருச்சு. நாளைக்கு வான்னு சொல்லவாச்சும் ஒருத்தன் இருக்கணும் தம்பி. அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

இதுக்கு நடுவுல கூத்து என்னன்னா, அந்த மனுவை எவரோ படிச்சுட்டாங்க! கலெக்டர் ஆபீஸ்ல புதுசா வந்த ஒரு அம்மா, வர்ற மனுவையெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்குமாம். படிச்சதோட நிக்காம, பாலத்துக்கு ஒரு துறை, கொசுவுக்கு ஒரு துறை, யானைக்கு ஒரு துறைன்னு பிரிச்சு ஏழு ஆபீசுக்கு அனுப்பி வச்சிருச்சு. கீழப்பொட்டல்ல புகை மருந்து அடிச்சாங்க. வாய்க்காலுக்கு மேல சின்னதா ஒரு சிமெண்ட் பாலம் போட்டாங்க. யானைத் தடம் தேடி வனத்துறைக்காரங்க ரெண்டு நாள் தென்னந்தோப்பைச் சுத்தினாங்க, ஊர்க்காரங்க இளநி வெட்டிக் குடுத்திருக்காங்க. தெருவுக்கு நாலு லைட்டு வந்துச்சு. நாலு! உண்மையிலேயே குறை உள்ள சனத்துக்கு நான் உருகி உருகி எழுதினது ஒண்ணும் நகரல. ஒட்டகத்துக்கு லைட்டு வருது.

ஒட்டகத்தை மட்டும் எந்தத் துறையும் ஏத்துக்கல. எங்க மாவட்டத்துக் கால்நடை இல்லன்னு அவங்க, காட்டு மிருகம் இல்லன்னு இவங்க. கடைசியில "ஒட்டகம் தேடப்பட்டு வருகிறது"ன்னு எழுதி முடிச்சாங்களாம்.

இதெல்லாம் டீக்கடைப் பேச்சுல காதுல விழுந்ததுதான். ஊருக்கே போய் விசாரிக்கலாம்ல, மனு நகல் அங்க வந்திருக்கும்லன்னு கேப்பீங்க. எப்படிப் போறது? அங்க என் மச்சினன் இருக்கான். பதினோரு வருசமா அவன்கூடப் பேச்சு கிடையாது. அவன் மக கல்யாணப் பத்திரிகையில என் பேரைக் கடைசி வரியில, மைக் செட்டுக்காரன் பேருக்கு மேல போட்டான். செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். மரகதம் மட்டும் போவா வருவா. ஆவணியில ஒரு தடவை போயிட்டு வரும்போது தோள்ல பொன்னாடை. "என்ன இது?"ன்னேன். "ஊர்ல சும்மா போத்துனாங்க"ன்னா. அங்கன்வாடியில ஓய்வு பெத்ததுக்கா இருக்கும். கையில ஒரு பழுப்புக் கவரும் இருந்துச்சு. பென்சன் விசயமாம்.

அதுக்கப்புறம் அவகிட்ட ஒரு மாற்றம் தம்பி. படிக்கணும்னு ஆசை வந்துருச்சு! சோறு போட்டுக்கிட்டே கேப்பா. "ஏங்க, கொசுவுக்கு இங்கிலீஷ்ல என்ன?" "மஸ்கிட்டோ"ன்னேன். மறுநாள், "ஏணிக்கு?" அடுத்த நாள், "கழுதைக்கு? மத்தளத்துக்கு?" ஒரு நோட்டுல வேற எழுதிக்கிறா. அறுபது வயசுல இங்கிலீஷ் படிக்கிறாளேன்னு எனக்கு ஒரே பெருமை. ஒட்டகத்துக்குக் கேட்டப்ப கூட "கேமல், சி-யில ஆரம்பிக்கும்"னு எழுத்துக்கூட்டியே சொல்லிக் குடுத்தேன். பொறுமையா சொல்லிக் குடுத்தா அவளுக்கும் ஏறும்.

என்ன தம்பி அப்படிப் பார்க்குறீங்க? ஓ, போனைப் பார்க்குறீங்களா. பாருங்க பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன்.

ஐப்பசியில வீட்டு வாசல்ல வேன் வந்து நிக்குது. பத்து லிட்டர் சாய்க்கிற கிரைண்டர்! புத்தம் புதுசு! எனக்குக் கை கால் ஓடல. "ஏது மரகதம்?"னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "எல்லாம் உங்க மனுவாலதாங்க வந்துச்சு." எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. மூணு வருசம் முன்னாடி அவளுக்காக மகளிர் கடனுக்கு ஒரு மனு போட்டிருந்தேன். மறந்தே போச்சு. அது பலிச்சிருக்கு பாருங்க! "பார்த்தியா, என் எழுத்தை என்னான்னு நினைச்ச?"ன்னேன். "ஒண்ணொண்ணும் சொத்து மதிப்புள்ள வார்த்தைங்க"ன்னா. கட்டினவ வாயால இப்படி ஒரு பாராட்டு, இந்த முப்பத்தாறு வருசத்துல வந்ததில்ல.

யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. அந்த ரோஸ் பேசின்லதான் மாவு கரைச்சு வைக்கிறா. "ரொம்ப ராசியான பேசின்"னு நான் இருக்கும்போது மட்டும் சொல்லுவா. அருள்தாஸுக்குத் தினம் ஒரு லிட்டர் மாவு சும்மா. காசே வாங்க மாட்டேங்குறா. ஏன்னு கேட்டா, "சமயத்துல உதவுன மனுசன்"ங்குறா. அந்தப் பய எனக்கு என்ன உதவினான்? என்னைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறான். என் காசைத் தொலைக்க வச்சுட்டோமேங்கிற குற்ற உணர்ச்சி, அழுகையை அடக்குறான் பாவம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா போன வாரம் மரகதம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டா. "ஏங்க, கிரைண்டர்தான் வந்துருச்சே, அந்த பேங்க் பணம் அப்படியே கிடக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழமை அந்த ரசீதை மட்டும் கொண்டாந்து காட்டுங்க, சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிடணும்." வெள்ளிக்கிழமை எது? நாளைக்கு! அவ சாதாரணமாத்தான் சொன்னா தம்பி. எனக்குத்தான் சோறு இறங்கல. கிரைண்டர் மட்டும் வரலன்னா இந்நேரம் அவ ஆசையில நான்தானே மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன்? அவ இருபத்தேழு வருச உழைப்பு.

சும்மா இருந்துட்டேன்னு நினைக்காதீங்க. தகவல் உரிமைச் சட்டத்துல எப்பவோ கேட்டுட்டேன், "மரகதவல்லி என்பவர் கொடுத்த மனுவின் நகல் வேண்டும்"னு. பத்து ரூபா ஸ்டாம்ப் அருள்தாஸ்கிட்டத்தான் வாங்கினேன். முதல்ல வந்த பதில்ல ஆடு, கழுதை, ஒட்டகம் மூணையும் சேர்த்துக் 'கால்நடைகள்'னு எழுதியிருக்கான். வெங்காயமும் தேங்காயும் 'விளைபொருட்கள்'. நான் பார்த்துப் பார்த்து வச்ச வார்த்தையை! மேல்முறையீடு போட்டேன். சுருக்கம் வேணாம், மூலமே வேணும்னு. ஏழு ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஏழு இடத்துலயும் "நாளைக்கு வாங்க". ஆனா ஏழு இடத்துலயும் அந்த மனுவோட நகல் இருந்துச்சு தம்பி, ஒண்ணு கூடத் தொலையல. இதை அருள்தாஸ்கிட்டச் சொன்னா, "அண்ணே, நம்ம காசும் இதே மாதிரிதான்ணே வேலை செய்யுது"ன்னு இருமி இருமிச் சிரிக்கிறான்.

இன்னைக்குத்தான் கையில கிடைச்சுச்சு. இந்தா, இதான். ரெண்டு ரூபா கட்டி முத்திரையோட வாங்கியிருக்கேன். பன்னிரண்டு வார்த்தைக்கும் அடியில கோடு போட்டு, ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரும் போட்டு, பக்கத்துலயே இங்கிலீஷும் எழுதிட்டேன். போய் இறங்கினதும் அருள்தாஸைப் புடிச்சுக் காசைத் திறந்து, பொழுது விடிஞ்சதும் நேரா பேங்க்ல போட்டு ரசீது வாங்கணும். மரகதத்துக்குத் தெரியாமலே எல்லாம் முடிஞ்சிரும்.

என்ன தம்பி? போட்டோ எடுத்துக்கணுமா? எதுக்கு? நடை நல்லா இருக்கா? மனு எழுதிப் பழகவா? அட! பாருங்கம்மா பின் சீட்டு அம்மா, நீங்க சிரிச்சீங்க, படிச்ச பிள்ளைக்குத்தான் எழுத்தோட அருமை தெரியுது. எடுங்க தம்பி, தாராளமா எடுங்க. இருங்க, மடிப்பை நீவி விடுறேன். அந்த 'மேலும்' தெளிவா விழுந்துச்சா? இன்னொண்ணு எடுத்துக்கங்க, கை ஆடிருச்சு.

எங்க எந்திரிக்கிறீங்க? கடைசி ஸ்டாப்பு இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கே? தம்பி, இது செங்கல் சூளை, இங்க ஒரு வீடு கூடக் கிடையாது! கண்டக்டர், பையன் இறங்குறானாம், நிறுத்துங்க. பார்த்து, பார்த்து! என்ன ஓட்டம் ஓடுறான் பாருங்க. நாலு பேருக்குக் காட்டணும்னு துடிப்பு போல. முப்பத்தொரு வருசத்துல என் மனுவைக் கடைசி வரி வரைக்கும் படிச்சவன்னா இவன் ரெண்டாவது ஆளு.

போன் அடிக்குது. ஹலோ, மரகதமா? ஆங், பஸ்லதான். உளுந்து ரெண்டு கிலோவா? வாங்கிட்டு வர்றேன். யாரு பக்கத்துல இருமுறது? அருள்தாஸா? அவன் அங்க என்ன பண்றான், தோசை சாப்பிடுறானா? ஒண்ணும் இல்ல மரகதம், என் எழுத்து ஒண்ணைப் பஸ்ல ஒரு தம்பிக்குக் காட்டினேன், சொக்கிப் போய் போட்டோ எடுத்துக்கிட்டான். ஆமா, அந்த ஒட்டகம் வர்ற மனுதான். அது உனக்கெப்படி...

"காட்டுங்க"ங்குறா மரகதம், கேட்டீங்களா கண்டக்டர்? இனிமே அதை ஊருக்கே காட்டுனாலும் பரவால்லங்குறா. ஹலோ, மரகதம்? ரெண்டு பேரும் எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?